கறுப்புப் புலியும் நம் கைதட்டலும்

அரிய பொருளைக் கண்டால் வியப்பதும் கைதட்டுவதும் மனிதர்க்கு இயல்பு. அது குற்றமன்று. ஆனால், வியந்து முடித்தபின், “இஃது ஏன் இங்கு மட்டும் இருக்கின்றது?” என்று ஒரு கேள்வி கேட்பது பல்கலைக்கழகத்தில் பயில்வோர்க்கு அழகு. நாம் படிக்க வந்திருக்கும் இந்த ஒடிசா மாநிலத்தில் அத்தகைய கேள்வியை எழுப்பும் அரிய உயிர் ஒன்று உண்டு. மயூர்பஞ்சு மாவட்டத்தில் சிம்லிபால் என்னும் பெருங்காட்டில் வாழும் கறுப்புப் புலியைத்தான் சொல்கின்றேன்.

இப்புலி முழுவதும் கருமையானதன்று. மற்றப் புலிகளுக்கு உள்ள அதே கறுப்பு வரிகள், இதன் உடலில் அகன்று பரந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. இடையில் உள்ள பொன்னிறம் ஒடுங்கிப்போகின்றது. இரவில் மை கொட்டியது போன்ற தோற்றம். உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இத்தகைய புலிகள் கூட்டமாக வாழவில்லை. ஒடிசா மக்கள் இதைக் குறித்துப் பெருமை கொள்கின்றனர். 2024 ஜனவரியில், பாரிபதா நகருக்கு அருகில் கறுப்புப் புலிகளுக்கென்றே காட்சித் திடல் ஒன்று அமைக்கப்படும் என்று மாநில அரசாங்கம் அறிவித்தது. ஊரிலிருந்து நம்மைப் பார்க்க வருவோரும், “கறுப்புப் புலியைக் காட்டுவாயா?” என்றுதான் கேட்கின்றார்கள்.

நண்பர்களே, இந்தக் கைதட்டலில் என்னால் முழு மனத்தோடு கலந்துகொள்ள இயலவில்லை. அதற்குரிய காரணத்தை உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த பேராசிரியை உமா ராமகிருஷ்ணனும், அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த வினய் சாகரும், மற்றும் பலரும் சேர்ந்து இப்புலியின் கருமைக்குக் காரணத்தைக் கண்டறிந்து 2021-இல் வெளியிட்டனர். ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு பிழையே அது. பூனையின் மேனிக் கோலத்தையும் ஆப்பிரிக்கச் சிறுத்தையின் புள்ளிகளையும் வகுப்பதும் அதே மரபணுதான். சிம்லிபாலில் நூற்றுக்கு 37 புலிகள் கறுப்பு என்று அவர்கள் கணக்கிட்டனர். அப்பிழையோ, இந்தியாவின் மற்றக் காடுகளில் அவர்கள் ஆராய்ந்த புலிகளில் ஒன்றிடமும் காணப்படவில்லை. உயிர்க்காட்சிச் சாலைகளில் இரண்டு இடங்களில் மட்டும் காணப்பட்டது. ஒன்று, புவனேசுவரத்தை அடுத்த நந்தன்கானன். மற்றொன்று, நம் சென்னையை அடுத்த வண்டலூர். அங்கிருந்த கறுப்புப் புலிகளின் பூர்விகமும் சிம்லிபால் வழியையே சென்று சேர்ந்தது.

இதன் பொருள் என்ன? ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு மரபணுவிலும் தந்தை தந்த படி ஒன்று, தாய் தந்த படி ஒன்று என இரண்டைப் பெற்றுப் பிறக்கின்றது. ஒரு படி பழுதாயினும் மற்றொன்று நன்றாயிருந்தால் புலி பொன்னிறமாகவே பிறக்கும். இரண்டும் பழுதானால்தான் கறுப்பு. ஒடுங்கு பண்பு என்று நம் பாடநூல்கள் இதனைச் சொல்லும். பரந்த கூட்டத்தில் பழுதுள்ள படி ஒன்று, அதே பழுதுள்ள இன்னொன்றைச் சந்திப்பது மிக அரிது. அப்படிச் சந்திப்பது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது என்றால், தாயும் தந்தையும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்பது தெளிவு. சில புலிகள் மட்டுமே எஞ்சிய காலம் ஒன்று சிம்லிபாலுக்கு இருந்தது. அச்சிலவற்றின் மக்களே தமக்குள் கலந்து பெருகினர். வெளியிலிருந்து புதியவர் வரவில்லை. கதவு சாத்திய வீட்டின் கதை இது.

உறவு விட்டுப் போகக்கூடாது என்று அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் மணம் முடிக்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. ஒரு தலைமுறை அப்படிச் செய்து, அடுத்த தலைமுறை வெளியில் பெண் எடுத்தால், கதவு மீண்டும் திறந்துவிடும். மனிதர்க்கு அந்த விருப்பம் உண்டு. காட்டில் அடைபட்ட புலிக்கு அது கிடையாது. எங்கு திரும்பினும் தங்கையும் மகளுமே எதிரில் நிற்கும். எழுத்தறியாத நம் ஆட்டிடையர் இதை என்றோ அறிந்திருந்தார். மந்தையில் பிறந்த குட்டிகள் பருவம் அடையுமுன் பழைய கிடாவை விற்று, வேற்றூர்க் கிடாவை ஓட்டி வந்தார். “ஏன்?” என்று கேட்டால், “குட்டி தேறாது, தம்பி” என்பார். மரபணு என்ற சொல்லை அவர் அறியார். ஆனால் அதன் கணக்கை அறிவார்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். இணை சேர்ந்து குட்டி போடும் விலங்குகள் உண்மையில் 10 மட்டுமே உள்ள ஒரு கூட்டம், தலைமுறைக்கு நூற்றுக்கு 5 பங்கு வீதம் தன் மரபணு வேறுபாட்டை இழக்கும். புலிகளில் வலிய ஆண் ஒன்று பல பெண்களைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றது. மற்ற ஆண்கள் தந்தையாகாமலே வாழ்ந்து மடிவதும் உண்டு. ஆதலின், காட்டில் 30 புலிகள் இருந்தால் பெற்றோர் 30 என்று எண்ணலாகாது. நாமோ தலைகளை மட்டும் எண்ணுகின்றோம். 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இந்தியப் புலிகள் 3,682 என்று செய்தி வந்தபோது எல்லாரும் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் அத்தொகை ஒரே குளம் அன்று. ஒன்றோடொன்று வாய்க்கால் இல்லாத பல குட்டைகளைச் சேர்த்துச் சொன்ன கூட்டல் தொகை. கோடையில் வற்றும்போது ஒவ்வொரு குட்டையும் தனித்தனியேதான் வற்றும்.

கருமை ஒரு நோயா என்று கேட்கலாம். அன்று. கறுப்புப் புலிகள் வேட்டையாடுகின்றன, குட்டி போடுகின்றன. என் கவலை நிறத்தைப் பற்றியதன்று. நிறம் கண்ணுக்குத் தெரிந்த பிழை. அதைப் போலவே, கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் மூடிய கூட்டத்தில் இரட்டைப் படியாகச் சேர்ந்துகொண்டிருக்கும். இதயத்தில், விந்துவில், நோய் எதிர்க்கும் ஆற்றலில் அவை ஒளிந்திருக்கலாம். ராஜஸ்தானத்து ரந்தம்பூர்ப் புலிகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டபோது, உறவுக்குள் கலந்ததன் சுவடு அங்கு ஆழப் பதிந்திருப்பது தெரிந்தது. அங்குள்ள புலிகள் பொன்னிறமாகவே இருக்கின்றன. எச்சரிக்கை செய்யக் கருமை அங்கு இல்லை. அவ்வளவே வேறுபாடு.

அரிய நிறத்தின்மேல் கொண்ட மோகம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1951-இல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங், காட்டில் பிடித்த வெள்ளைப் புலிக்குட்டிக்கு மோகன் என்று பெயரிட்டு அரண்மனையில் வளர்த்தார். பொன்னிறப் பெண்புலியோடு அதைச் சேர்த்தபோது, பிறந்தவை எல்லாம் பொன்னிறக் குட்டிகள். வெள்ளைதான் வேண்டும் என்று மோகனை அதன் மகள் ராதாவோடே சேர்த்தார்கள். 1958-இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகம் கைதட்டியது. இன்று உயிர்க்காட்சிச் சாலைகளில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்தத் தந்தையும் மகளும் தொடங்கிய வழியில் வந்தவை. வெள்ளைப் புலிகளில் பல, மாறுகண்ணோடு பிறக்கின்றன. நிறத்துக்காக இவ்வாறு விலங்குகளை வளர்க்கலாகாது என்று அமெரிக்க உயிர்க்காட்சிச் சாலைகளின் சங்கம் 2011-இல் தன் உறுப்பினர்க்கு அறிவுறுத்தியது. அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த ஞானம்! அதே பாடத்தைக் கறுப்பு மையால் மறுபடியும் நாம் எழுத வேண்டுமா?

கதவைத் திறந்தால் பயன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழும் பூமா என்னும் பெரும்பூனை, 1990-களின் தொடக்கத்தில் இருபது முப்பதாகக் குறைந்தது. வால் நுனி வளைந்தும், இதயம் பழுதுற்றும், ஆண் குட்டிகளின் விதைகள் கீழிறங்காமலும் பிறந்தன. 1995-இல் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுள் ஐந்து குட்டி ஈன்றன. பதினைந்து ஆண்டுகளுக்குள் கூட்டம் மும்மடங்காயிற்று, அக்குறைகளும் குறைந்தன. ஐந்து தாய்மார் ஓர் இனத்தையே தூக்கி நிறுத்தினர் என்றால் மிகையன்று.

சிம்லிபாலிலும் இம்முயற்சி தொடங்கிவிட்டது. மகாராஷ்டிரத்தின் தாடோபாக் காட்டிலிருந்து 2024 அக்டோபரில் யமுனா என்னும் பெண்புலியும், நவம்பரில் ஜீனத் என்னும் பெண்புலியும் கொண்டுவரப்பட்டன. டிசம்பரில் ஜீனத் எல்லை கடந்து ஜார்க்கண்டு வழியாக வங்காளத்துக்குள் நடந்தது. மாத இறுதியில் பாங்குரா மாவட்டத்தில் அதை மயக்கி மீட்டு வந்தார்கள். “தப்பியோடிய புலி” என்று பத்திரிகைகள் எழுதின. நான் அதை வேறு விதமாகப் படிக்கின்றேன். சிம்லிபாலிலிருந்து இரண்டு மாநிலங்களுக்கு நடந்து செல்லும் பாதை ஒன்று இன்னும் அழியாமல் இருக்கின்றது என்பதை அப்பெண்புலி தன் காலால் அளந்து காட்டியது. பாதையின் மறுமுனையில் அதற்குத் துணை இல்லை என்பதே குறை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இதே ஒடிசாவில், மகாநதிக் கரையில் உள்ள சாத்கோசியாக் காட்டுக்கு 2018-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஆணும் பெண்ணுமாக இரு புலிகள் வந்தன. சில மாதங்களில் ஆண்புலி கண்ணியில் சிக்கிய புண்ணால் இறந்தது. பெண்புலி மனிதரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டு, ஊர்மக்கள் வெகுண்டெழ, கூண்டில் அடைக்கப்பட்டது. 2021-இல் அது திருப்பி அனுப்பப்பட்டது. காட்டோரத்து ஏழையின் சம்மதம் இல்லாமல் புலியைக் குடியேற்ற முடியாது. அவனுடைய மாட்டுக்கும் உயிருக்கும் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசி முடிக்காத திட்டம், புலிக்கும் பகை, மனிதனுக்கும் பகை.

“வேற்று இரத்தம் கலந்தால் சிம்லிபாலின் தனித்தன்மை போய்விடுமே” என்பார் சிலர். கேள்வி நேர்மையானது. எதனோடு எதைச் சேர்ப்பது என்பதில் ஆராய்ச்சி வேண்டும்தான். நம் மாநில விலங்காகிய வரையாடு, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கில் ஒரு கூட்டமாகவும் தெற்கில் ஒரு கூட்டமாகவும் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தது. அவற்றை அவசரப்பட்டுக் கலக்கலாகாது. அந்தப் பிரிவு மலை செய்த பிரிவு. சிம்லிபாலின் பிரிவோ, துப்பாக்கியும் சுரங்கமும் சாலையும் செய்த பிரிவு. இயற்கை பிரித்ததைச் சேர்க்கத் தயங்கலாம். நாம் பிரித்ததைச் சேர்க்கத் தயங்குவது எப்படி நியாயமாகும்?

மாநிலப் பெருமையும் இதற்குக் குறுக்கே வருவதுண்டு. ஆசியச் சிங்கங்கள் குஜராத்தின் சௌராட்டிரத்தில் மட்டுமே காட்டில் வாழ்கின்றன. 2025 கணக்கில் அவை 891. மிகச் சிலவாகக் குறைந்த நிலையிலிருந்து மீண்ட பெரு வெற்றி இது, மறுப்பார் இல்லை. ஆனால் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் மரபணு வேறுபாடு பெருகாது. இழந்த படிகள் குட்டி போட்டதால் மட்டும் திரும்பி வாரா. 2018-இல் நாய்களைத் தாக்கும் நச்சுயிர் ஒன்று கீர்க் காட்டில் பரவி இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. அதற்கு ஐந்தாண்டு முன்பே, 2013-இல், சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு அனுப்புமாறு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அவற்றுக்காக 24 ஊர் மக்கள் அதற்கும் முன்பே குடிபெயர்ந்து இடம் விட்டிருந்தனர். தீர்ப்பு ஏட்டில் இருக்க, 2022-இல் அங்கு வந்து இறங்கியவை ஆப்பிரிக்கச் சிறுத்தைகள். ஒரே கூடையில் வைத்த முட்டையைக் காட்டி எத்தனை நாள் பெருமை பேசுவது?

என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, கறுப்பு நிறத்துக்காக எந்தப் புலியையும் இணைசேர்த்து வளர்க்கலாகாது. காட்சித் திடல் அமைந்தால், இந்த உறுதியை எழுத்தில் தர வேண்டும். இரண்டாவது, ஜீனத் நடந்த பாதையைப் போன்ற வழித்தடங்களைச் சுரங்கத்துக்கும் சாலைக்கும் விட்டுக்கொடுக்குமுன், புலிக்கும் அங்கே ஒரு வாக்கு உண்டு என்று கருத வேண்டும். மூன்றாவது, கணக்கெடுப்பில் எத்தனை புலிகள் என்பதோடு, எத்தனை பெற்றோர், அவர்களுக்குள் என்ன உறவு என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். காட்டில் கிடக்கும் எச்சத்திலிருந்தே இதைக் கண்டறியும் முறை இன்று கைவசம் இருக்கின்றது.

நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டா. கருமையின் காரணத்தைக் கண்டதில் நம்மைப் போன்ற ஓர் ஆராய்ச்சி மாணவருக்கும் பங்கு உண்டு. உயிரியல் பயில்வோர் ஆராயலாம். சட்டம் பயில்வோர் தீர்ப்பு ஏன் நிறைவேறவில்லை என்று கேட்கலாம். பொறியியல் பயில்வோர் விலங்குகள் கடக்கும் பாலம் இல்லாத சாலையை வரைய மறுக்கலாம். மற்ற எல்லாரும், நந்தன்கானனில் வெள்ளைப் புலியின் கூண்டுமுன் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கு அது ஏன் வெள்ளை என்று சொல்லிக்கொடுக்கலாம்.

வெளியிலிருந்து வந்த புதியவரை ஏற்றுக்கொள்ளும் வீடே தழைக்கும். வேற்று மண்ணில் படிக்க வந்து, இம்மக்களின் அன்பால் தழைக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிம்லிபாலில் கறுப்புக் குட்டிகளின் விகிதம் குறைந்து, பொன்னிறக் குட்டிகள் பெருகும் காலம் ஒன்று வரட்டும். நாம் கைதட்ட வேண்டிய நாள் அதுவே.