மாட்டுக்கு சினை ஊசி ஓகே... ஆட்டுக்கு ஏன் இன்னும் அபூர்வம்?

2019 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் வெள்ளாடுகள் சுமார் 14.9 கோடி. ஆனாலும் மாட்டுக்குப் போடுற மாதிரி ஆட்டுக்கு ஊரெல்லாம் சினை ஊசி போடுவதில்லை. எங்கே சிக்கல்?

முதல் வில்லன் முட்டை மஞ்சள் கரு. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைக்கும்போது குளிர் தாக்காமல் இருக்க, மாட்டு விந்தில் இதைத் தாராளமாகக் கலப்பார்கள். கிடாவின் விந்துத் திரவத்திலோ ஒரு நொதி இருக்கிறது. அது மஞ்சள் கருவிலுள்ள லெசித்தினைச் சிதைக்க, அதில் உருவாகும் பொருள் விந்தணுவையே கொன்றுவிடும். காப்பாற்ற வந்ததே விஷம்! அதனால் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அந்தத் திரவத்தைக் கழுவ வேண்டும்; இல்லையென்றால் மஞ்சள் கருவைக் குறைக்க வேண்டும். கழுவுவதிலும் சேதாரம் உண்டு.

உறைவிந்துக் குச்சி ரெடியானாலும், மாட்டைப் போல உள்ளே கைவிட்டுக் கருப்பை வாயைப் பிடிக்க ஆட்டில் இடமில்லை. ஸ்பெகுலம் வைத்து, லைட் அடித்துப் பார்த்துத்தான் போடணும்.

இவ்வளவு மெனக்கெடணுமா? நல்லா வளர்ற கிடா, விலை கிடைத்ததும் கறிக்குப் போயிடுது. மந்தையில் மிஞ்சுற சுமாரான கிடா தன் மகள்களோடவே சேருது, குட்டிகள் நோஞ்சானாகின்றன. மதுரா அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாடு ஆராய்ச்சி நிலையம் ஜமுனாபாரி போன்ற இனங்களில் இந்த வேலையைச் செய்வது இதனால்தான். இனி நைட்ரஜன் கேனும் பயிற்சி பெற்ற ஆளும் ஆட்டுக்காரர் வாசலுக்கு வரணும், அதுவும் ஆடு பருவத்தில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாளுக்குள்.