பிக்கப்பை மாற்றும் முன் ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள்

கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குகிறது என்றால் நம்மில் பலர் முதலில் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் கூடுதல் ராம் கேட்கிறோம். ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிகிறதா, கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் தேவையில்லாத புரோகிராம்கள் தாமாக ஓடுகின்றனவா என்று பார்ப்பதில்லை. பணம் செலவான பிறகும் வேகம் கூடாவிட்டால் கம்பெனியைத் திட்டுகிறோம். இதே தவறை இசைக்கருவிகளிலும் செய்கிறோம் என்பது சில மாதங்களுக்கு முன் பூரணாங்குப்பத்தில் எனக்குப் புரிந்தது.

என் பெரியப்பாவிடம் ஒரு ஹவாயன் கிடார் இருக்கிறது. அன்றைய கல்கத்தாவில் வேலை பார்த்தபோது வாங்கியது. மடியில் படுக்க வைத்து, தந்திகளின் மேல் இரும்பு உருளையை நகர்த்தி வாசிப்பார். அந்த ஊரில் இக்கருவி பரவியதற்குக் காரணம் உண்டு. 1940-களில் டாவ் மோ என்ற கலைஞர் குடும்பத்துடன் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றும் கொடுத்தார். இதே வகைக் கிடாருக்குக் கால் மிதிகளும் முழங்கால் நெம்புகோல்களும் சேர்த்தால் அமெரிக்கர்களின் பெடல் ஸ்டீல் கிடார். நம் ஊர்க் கோட்டு வாத்தியம், அதாவது சித்ரவீணை, இவற்றுக்கு நெருங்கிய உறவு.

"நாதம் செத்துப் போச்சுப்பா. கார்வையே நிக்க மாட்டேங்குது. பிக்கப்பை மாத்தணும், அதுக்கு மரத்தைக் கொஞ்சம் குடையணும், எட்டாயிரம் ஆகும்ங்கறான். நீ கம்ப்யூட்டர்காரன்தானே, எந்த பிக்கப் நல்லதுன்னு பாத்துச் சொல்லு" என்றார். எனக்கு எட்டாயிரத்தைவிட மரத்தைக் குடைவதுதான் உறுத்தியது. கம்ப்யூட்டரில் தவறு செய்தால் அன்டூ இருக்கிறது. ஐம்பது வருட மரத்துக்கு அன்டூ கிடையாது.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளும்தான். தந்தி அதிரும்போது சுருளில் சிறு மின்சாரம் உண்டாகிறது. தந்தி ஐந்து விநாடியில் ஓய்ந்துவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த பிக்கப்பும் அந்த ஐந்து விநாடியைத்தான் ஆம்ப்ளிபயருக்கு அனுப்பும். பிரிண்டரில் மை தீர்ந்திருக்கும்போது மானிட்டரை மாற்றி என்ன பயன்? எனவே, "ஒரு வாரம் பொறுங்க பெரியப்பா, முதல்ல அளந்து பாத்துடலாம்" என்றேன்.

அளப்பதற்கு நான் எடுத்துக்கொண்டது ஆடாசிட்டி. 2000-ல் வெளியான இந்த சாப்ட்வேர் இன்றும் இலவசம். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இயங்கும். ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கருக்கு ஓரடி முன்னால் மைக்கை வைத்தேன். கிடாரை நேரடியாக மைக் துளையில் செருகாதீர்கள். கம்ப்யூட்டரின் மைக் துளை கிடார் பிக்கப்புக்குப் பொருந்தாது, நாதத்தின் கூர்மை குறைந்துவிடும்.

புதியவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் மைக்குக்கான ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் வசதிகள் இருந்தால் அவற்றை ஆஃப் செய்துவிடுங்கள். அவை பேச்சுக்கு ஏற்றவை. ஒலி குறையக் குறையத் தாமாகவே கூட்டிக் காட்டும், அல்லது மெல்லிய ஒலியை இரைச்சல் என்று வெட்டிவிடும். இரண்டுமே உங்கள் அளவைக் கெடுத்துவிடும்.

பிறகு ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, மூன்றாம் தந்தியை ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் மூன்று முறை மீட்டி ஓயும் வரை காத்திருந்தோம். அலைவடிவத்தை டெசிபல் அளவுகோலில் பார்த்தால் ஒலி தேய்வது ஏறக்குறைய ஒரு சரிவுக் கோடாகத் தெரியும். 30 டெசிபல் குறைய எத்தனை விநாடி என்று குறித்தோம். சராசரி 5 விநாடி. அனலைஸ் மெனுவில் உள்ள பிளாட் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை. நாதம் செத்தது கண்ணுக்கே தெரிந்தது.

இனி மாற்றங்கள். விதி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதும் மறுபடி ரெக்கார்ட் செய்ய வேண்டும். மைக்கையோ ஆம்ப்ளிபயரின் வால்யூமையோ தொடக் கூடாது.

முதலில் தந்திகள். பூரணாங்குப்பம் கடலோரக் கிராமம். உப்புக் காற்றில் தந்தி துருப்பிடிக்கும், சுற்றுத் தந்திகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் சேரும். அப்போது முதலில் சாவது மேல் சுரங்களின் பளபளப்பு. சில நூறு ரூபாய்க்குப் புதுத் தந்திகள் போட்டதும் 5 விநாடி 8 ஆனது. வரைபடத்தில் காலியாக இருந்த மேல்பகுதி நிரம்பியது.

இரண்டாவது உருளை. பழையது பூச்சு தேய்ந்த, உள்ளே வெற்றிடமான இலேசான குழாய். உருளைதான் தந்தியின் ஒரு முனையைத் தாங்குகிறது. அது இலேசாக இருந்தால் அதுவும் சேர்ந்து அதிர்ந்து, தந்தியின் சக்தியைத் தின்றுவிடும். பெடல் ஸ்டீல் கலைஞர்கள் 200 கிராமுக்கு மேல் எடையுள்ள திட உருளை வைத்திருப்பது இதனால்தான். நம் சித்ரவீணைக் கலைஞர்களும் கருங்காலி, கொம்பு, டெஃப்லான் என்று உருளையைத் தேர்ந்தெடுப்பதில் அவ்வளவு அக்கறை காட்டுவார்கள். கனமான திட உருளை வைத்து வாசித்தபோது, அழுத்தி எடுக்கும் சுரம் 3 விநாடியிலிருந்து 5 விநாடிக்கு ஏறியது.

மூன்றாவதாக, பிக்கப்பைத் திருகாணி மூலம் 2 மில்லிமீட்டர் கீழே இறக்கினோம். காந்தம் மிக அருகில் இருந்தால் தந்தியின் அதிர்வை இழுத்துப் பிடிக்கும். அளவு சற்றே கூடியது. ஆனால் ஒவ்வொரு முறை மீட்டும்போதும் வரும் வித்தியாசமே அந்த அளவு இருந்ததால், அதை நான் வெற்றிக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான்காவது, உறுமல். ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் 50, 100 ஹெர்ட்ஸில் கொம்பு போல இரண்டு முனைகள் நின்றன. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இது கரண்ட் தரும் இரைச்சல். கிடாருக்குள் தந்திகளை எர்த்துடன் இணைக்கும் ஒயர் அறுந்திருந்தது. பற்றவைத்ததும் பாதி அடங்கியது. ஆம்ப்ளிபயரை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

"சங்கீதத்தைக் காதால் கேட்பதா, கிராப் போட்டுப் பார்ப்பதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காது ஏமாறும். ஒரே ஒலியைச் சற்று உரக்க வைத்தாலே நன்றாக இருப்பதாகத் தோன்றும். பணம் போட்டு வாங்கியது இன்னும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதனால் எல்லாப் பைல்களையும் ஒரே வால்யூமுக்குக் கொண்டுவந்து, எண்கள் மட்டும் கொடுத்து, எது எது என்று சொல்லாமல் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கனமான உருளையை உடனே கண்டுபிடித்தார். பிக்கப்பை இறக்கியதற்கும் இறக்காததற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார். வரைபடத்தில் மிக அழகாக இருந்த புதுத் தந்தியின் முதல் நாள் பதிவைக் கேட்டு, "கிறீச்சுங்குது" என்று முகம் சுளித்தார். இரண்டு நாள் வாசித்த பிறகு எடுத்த பதிவுதான் அவருக்குப் பிடித்தது. அளவு எங்கே தேடலாம் என்று காட்டும். எது வேண்டும் என்ற தீர்ப்பு காதுக்குத்தான்.

அப்கிரேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விஸ்வ மோகன் பட் சாதாரணக் கிடாரில் அனுதாபத் தந்திகளைச் சேர்த்து மோகன வீணையாக மாற்றியதும் அப்கிரேடுதான். அதில் வாசித்த ஆல்பத்துக்கு 1994-ல் கிராமி விருது கிடைத்தது. ஆனால் அவருக்கு என்ன நாதம் வேண்டும் என்று தெரிந்திருந்தது. நமக்கு எது குறைகிறது என்றே தெரியாமல் மரத்தைக் குடைவது வேறு.

மீதி உறுமலைப் போக்க இரட்டைச் சுருள் பிக்கப் போடலாம் என்று பெரியப்பா இன்னும் யோசிக்கிறார். அது சரியான காரணம். அதே குழியில் பொருந்துகிற அளவாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் வீணையோ, வயலினோ, பழைய கிடாரோ இருந்தால் இன்றே ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்து, தேதி போட்டு சேவ் செய்து வையுங்கள். நாளை யாராவது "இதை மாற்றணும்" என்று சொல்லும்போது, எதிலிருந்து மாற்றுகிறோம் என்பதாவது உங்கள் கையில் இருக்கும்.