கண்ணு மங்கினா போனை மட்டும் திட்டாதீங்க

திடீர்னு கண்ணு மங்குதுன்னு சொல்லிப் பாருங்க. வீட்டுல, ஹாஸ்டல்ல எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க: "எந்நேரமும் போனைப் பார்த்தா இப்படித்தான்." அதுக்கு முன்னாடி யாராவது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு: "புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா?"

டோபிராமேட் என்று ஒரு மாத்திரை. வலிப்புக்கும், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கவும் டாக்டர்கள் எழுதித் தருவது. நல்ல மருந்துதான். ஆனால் அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மாதத்துக்குள், கண்ணுக்குள்ளே வீக்கம் வந்து லென்ஸை முன்னால் தள்ளிவிடும். ஃபோகஸ் மாறிப்போகும், நேற்று தெளிவாகத் தெரிந்த போர்டு இன்று மங்கல். கண்ணில் ஊறும் நீர் வெளியேறும் வழியும் அடைபட்டு, அழுத்தம் ஏறி, வலி எடுக்கும். கவனிக்காமல் விட்டால் பார்வையே நிரந்தரமாகப் போகலாம். பவர் ஏறிடுச்சுன்னு நினைச்சு கண்ணாடிக் கடைக்குப் போனா, கண்ணாடி கிடைக்கும். பிரச்சினை அப்படியே இருக்கும்.

டிபி-க்குக் கொடுக்கும் எத்தாம்பியூட்டால் வேற மாதிரி. வலியே இருக்காது. சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். சிவப்பும் பச்சையும் குழம்புவது அதன் ஆரம்ப அடையாளம். ரெசிஸ்டர் கலர் கோடு படிக்கிற நமக்கு அது சீக்கிரமே தெரியணும். ஆனா காரணம் மாத்திரைன்னு தோணுமா?

"இதையெல்லாம் சொன்னா பயந்து மாத்திரையை நிறுத்திடுவாங்க" என்று ஒரு வாதம் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. டிபி மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கே அடங்காமல் போகலாம், வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆனால் முன்கூட்டியே சொல்லப்பட்டவர் டாக்டரிடம் ஓடுவார். எதுவும் தெரியாதவர்தான் பயந்துபோய் தானாக நிறுத்துவார், இல்லைன்னா கண்டுக்காம விடுவார். மெடிக்கல் ஷாப்ல ஸ்ட்ரிப்பை வெட்டி நாலு மாத்திரையைக் கவர்ல போட்டுத் தர்றாங்க. அதில் எச்சரிக்கைச் சீட்டு எங்கே இருக்கு? "கண்ணு மங்கினா உடனே வாங்க" என்று சொல்ல அஞ்சு செகண்ட் போதும். டாக்டரும் கடைக்காரரும் அதைச் சொல்லியே ஆகணும்.

அவங்க சொல்லலைன்னா நீங்க கேளுங்க: "இது கண்ணுக்கு ஏதாவது செய்யுமா?" பார்வை திடீர்னு மாறினா, நீங்களா மருந்தை நிறுத்தாதீங்க. அன்னிக்கே மாத்திரை அட்டையோட கண் டாக்டரைப் பாருங்க, மருந்து எழுதின டாக்டருக்கும் சொல்லுங்க. போனைத் திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம்.