பெட்ரோலுக்கு வட்டி கிடையாது

இயற்கை வேளாண்மை இதழில் பெட்ரோலைப் பற்றி என்ன எழுத்து என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது நண்பர்களே. களைக்கொல்லி தெளிப்பதில்லை என்று முடிவெடுத்த நமக்குக் களையைச் சமாளிக்க மூன்று வழிதான் உண்டு: மூடாக்கு, கைக்களை, இயந்திரம். மூடாக்குப் போட எல்லா இடத்துக்கும் சருகும் தாளும் போதுவதில்லை. கைக்களைக்கு ஆள் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் நமக்கு வேண்டிய வாரத்தில் கிடைப்பதில்லை. மிச்சம் இருப்பது தோளில் மாட்டிக்கொள்ளும் புல்வெட்டியும் பவர் வீடரும்தான். ஐப்பசி மழை விட்டதும் அந்த இயந்திரம் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் என்ன செய்வோம்?

எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர். நான்கு ஆண்டுகளாகத் தோப்புக்குள் களைக்கொல்லி வாடையே கிடையாது. போன மழைக்குப் பிறகு புல்வெட்டியை எடுத்துக் கயிறை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோனது. பட்டறைக்குக் கொண்டுபோனால் முன்னாலேயே ஏகப்பட்ட இயந்திரங்கள் வரிசையில் கிடக்கின்றன. "பத்து நாள் ஆகுங்க" என்றார் பட்டறைக்காரர். அதற்குள் கோரையும் பார்த்தீனியமும் முழங்காலைத் தாண்டிவிட்டன. கூலிக்கு ஆள் இல்லை. நண்பர் நேராக மருந்துக் கடைக்குப் போய்விட்டார். "நான் என்னங்க பண்றது, எனக்காகப் புல்லு காத்துக்கிட்டு நிக்குமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த இயந்திரத்தில் பெரிய பழுது ஒன்றும் இல்லை. தை மாதம் ஊற்றிய பெட்ரோல் ஐப்பசி வரை டேங்கிலேயே கிடந்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே மஞ்சளாகப் பிசின். நான்கு ஆண்டு உழைப்பை அரை லிட்டர் பழைய பெட்ரோல் தோற்கடித்துவிட்டது.

வங்கியில் இருந்த காலத்தில் கடனில் வாங்கிய கருவிகளைப் பார்வையிட ஊர் ஊராகப் போவேன். கொட்டகை மூலையில் சாக்குப் போட்டு மூடிய இயந்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "ஓடலைங்க சார், கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்பார்கள். ஓடுகிற இயந்திரத்துக்கும் தவணை கட்ட வேண்டும், ஓடாததுக்கும் அதே தவணைதான். இப்போது நானே விவசாயம் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அவற்றில் பல இயந்திரங்களில் குற்றம் இருந்திருக்காது. பெட்ரோலை நாம் வைப்புநிதி மாதிரி நினைக்கிறோம், எத்தனை மாதம் கிடந்தாலும் போட்டது அப்படியே இருக்கும் என்று. பெட்ரோலுக்கு வட்டி கிடையாது. போட்ட அன்றிலிருந்து அசலே கரைய ஆரம்பித்துவிடும்.

எப்படிக் கரைகிறது? பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. லேசானது, கனமானது என்று பல நீர்மங்கள் கலந்தது. லேசானவை முதலில் ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்த எஞ்சினை ஒரே இழுப்பில் கிளப்புவது அவைதான். மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை ஊசிமுனை அளவுதான். அதை அடைக்கக் கொஞ்சம் பிசின் போதும். நம் ஊர் வெயிலில், தகரக் கொட்டகைக்குள், இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும்.

அடுத்தது எத்தனால். 2022இல் பெட்ரோலில் பத்து விழுக்காடு, 2025இல் இருபது விழுக்காடு என்று எத்தனால் கலப்பு வந்துவிட்டது. கரும்பிலிருந்தும் உடைந்த அரிசியிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவது அது. எத்தனாலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதி காலியான கேனை மூடி தளர்ந்தபடி மழைக்காலம் முழுக்க வைத்தால், ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் எடுப்பதும் அடியில் இருந்துதான். டூ ஸ்ட்ரோக் புல்வெட்டியில் இது இன்னும் மோசம். நாம் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் இருப்பதில் ஆயிலே இருக்காது. அதைக் குடித்து ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிறகு செலவு கார்புரேட்டரோடு நிற்காது.

"என் பைக்கும் அதே பெட்ரோல்லதானே ஓடுது, அதுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பவர்கள் உண்டு. பைக்கில் வாரத்துக்கு ஒருமுறை புதுப் பெட்ரோல் போகிறது. பவர் வீடர் ஆறு மாதம் சும்மா நிற்கிறது. வித்தியாசம் அதுதான்.

என் கொட்டகையில் நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன். பங்க் தூரம் என்று இருபது லிட்டர் வாங்கி அடுக்குவதில்லை. எனக்கு ஐந்து லிட்டர் தகரக் கேன் ஒன்றே போதும். வாங்கிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேனில் ஒட்டிவிடுகிறேன். பழையது தீர்ந்த பிறகுதான் புதியது. பழையதன் மேல் புதியதை ஊற்றினால் எதற்கு எத்தனை வயசு என்றே தெரியாமல் போய்விடும்.

ஆயில் கலப்பது வேலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும். விகிதம் கருவியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி, இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றக் கூடாது, அளவுக் குப்பி வேண்டும். டிராக்டருக்கு வாங்கிய எஞ்சின் ஆயில் இதற்கு ஆகாது, டூ ஸ்ட்ரோக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. ஊற்றும் முன் கேனை நன்றாகக் குலுக்குகிறேன்.

வேலை முடிந்து சில வாரம் சும்மா நிற்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும் வரை எஞ்சினை ஓட்டுகிறேன். பவர் வீடரில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு ஓட்டினால் கார்புரேட்டர் கிண்ணமும் காலியாகிவிடும். பத்து நிமிட வேலை.

சந்தேகமான பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி நிழலில் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் நின்றாலோ, நிறம் கறுத்திருந்தாலோ, புளித்த வார்னிஷ் மாதிரி வாடை வந்தாலோ அதை எஞ்சினுக்குக் காட்டவே வேண்டாம். அதற்காக வரப்பில் கொட்டிவிடாதீர்கள். மண்புழுவுக்காக இவ்வளவு பாடுபடும் நாம் அதன் தலையிலேயே பெட்ரோலை ஊற்றலாமா? மூடிய தகரக் கேனில் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

பங்கில் பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் தர மறுத்தால் நமக்குக் கோபம் வருகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமலே நாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறுக்கி மூடிய கலத்தில் இருக்க வேண்டும்: உலோகம் என்றால் 25 லிட்டருக்குள், கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் 1 லிட்டருக்குள். பிளாஸ்டிக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. குடிதண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை வைப்பதன் ஆபத்து குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுப்பதையும் விட்டுவிடுவோம். தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குப் போய்விடும். உடனே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். அதனால் அடுப்படியிலும் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலும் கேனை வைக்கவே கூடாது. எஞ்சின் ஆறிய பிறகுதான் டேங்கில் ஊற்ற வேண்டும்.

இதையெல்லாம் விவசாயி தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயம் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறை பவர் வீடருக்கு மானியம் தருகிறது, நல்லது. அந்த மானியத்தோடு பெட்ரோலைப் பற்றித் தமிழில் ஒரு பக்கத் தாளும் தரட்டும். இயந்திரம் விற்பவர்கள் இந்த மாடல் இருபது விழுக்காடு எத்தனாலுக்குத் தாங்குமா என்பதை டேங்க் மேலேயே தமிழில் ஒட்டட்டும். சின்ன எஞ்சினின் ரப்பர் குழாயும் டயாப்ரமும் அதைத் தாங்குமா என்று வாங்குகிற ஆள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை இருக்கக் கூடாது. கலப்பு பத்திலிருந்து இருபதுக்குப் போனபோது நம்மிடம் யாரும் கேட்கவில்லை. எப்படி வைத்துக்கொள்வது என்றாவது சொல்லியிருக்கலாம்.

நம் குழுக்களும் செய்ய வேண்டியது உண்டு. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு பங்க் நடைக்கு ஒரு கேன் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் யார் வீட்டிலும் பெட்ரோல் கிடக்காது, எப்போதும் புதியதாகவே இருக்கும். கூட்டத்தில் பஞ்சகவ்யம் கலக்கக் கற்றுக்கொடுப்பது போல, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றித் துடைக்கவும் ஒருவர் கற்றுக்கொடுக்கட்டும். பெண்களும் இந்த இயந்திரங்களை ஓட்டுகிறார்கள். அவர்களையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

"இயற்கை விவசாயத்துல பெட்ரோல் மிஷின் எதுக்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் மரியாதையோடு ஒன்று சொல்வேன். ஆளும் மாடும் மூடாக்கும் போதிய அளவு இருக்கும் பண்ணைக்கு அது தேவையில்லை. அப்படி இல்லாத சிறு விவசாயிக்கு அது களைக்கொல்லிக் கடைக்கும் நிலத்துக்கும் நடுவில் நிற்கும் வேலி. வெட்டிய புல் அங்கேயே விழுந்து மூடாக்காகவும் ஆகிறது. வேலி வைத்தால் அதைப் பராமரிக்கத்தான் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. போன பருவத்துப் பெட்ரோல் கேனிலோ டேங்கிலோ கிடக்கிறதா என்று இந்த வாரமே திறந்து பார்த்துவிடுங்கள்.