குறைக்க வேண்டாம், ஆட்டாமல் இருங்கள்

என் மேசையில் இரண்டு இழுப்பறை. மேலே உள்ளதில் மனு நகல்கள், மூட முடியாத அளவுக்கு. கீழே ஒரே ஒரு டிராயிங்.

கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை நடத்துகிறேன். மூன்று லேத், ஒரு சி.என்.சி., ஆறு ஆட்கள். வெட் கிரைண்டருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. கிரைண்டரைக் கழுவும்போது ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும். அதைத் தடுக்க 2017 சித்திரையில் ஒரு சீல் வரைந்தேன். இரண்டு மாதிரி செய்து பார்த்தோம். மூன்றாவதற்குள் ஜூலை வந்தது, கூடவே ஜி.எஸ்.டி.

கல் வைத்த வெட் கிரைண்டருக்கு முதலில் 28 சதவீதம். மனு கொடுத்தோம், நவம்பரில் 12 ஆனது. மறுபடி கொடுத்தோம், 2019-ல் 5. மூச்சு விட்டோம், 2022 ஜூலையில் 18. ஐந்தே வருடத்தில் நான்கு வரி. மாவாட்டும் எந்திரத்தையே இப்படி ஆட்டினால் அதை நம்பி எவன் முதல் போடுவான்?

சீலுக்கு ரப்பர் அச்சு எடுக்கப் பணம் வேண்டும். ஆர்டர் உறுதி என்றால் கடன் வாங்கலாம். கிரைண்டர் கம்பெனிக்காரரிடம் டிராயிங்கைக் காட்டினேன். “நல்லாருக்குதுங்க. அடுத்த கவுன்சில் கூட்டத்துல வரி என்னாகுதுன்னு பாத்துட்டுச் சொல்றனுங்க” என்றார். அவர் மேல் குற்றமில்லை. நாளைக்கு என்ன விலைக்கு விற்போம் என்று தெரியாதவர் புதுசு எதையும் தொடமாட்டார்.

பெரிய கம்பெனிக்கு டில்லிக்குப் போய்வரத் தனி ஆள் உண்டு. எங்களுக்கு அந்த ஆளும் நானே, டிராயிங் போடுகிறவனும் நானே. வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினாலே எங்கள் டர்னர் கேட்பார்: “ஏனுங்ணா, இன்னைக்கும் மனுவுங்ளா?”

ஆள் வைத்துக்கொள்பவர்கள் மட்டும் புதுமை படைத்துவிடுகிறார்களா? இத்தாலியக் கம்பெனிகளை ஆராய்ந்து 2023-ல் வெளியான ஆய்வு ஒன்றை மகள் காட்டினாள். சந்தையில் முதலிடத்தை நெருங்க நெருங்க, அங்கே கம்பெனிகள் அரசியல்வாதிகளைக் கூடுதலாக வேலைக்கு வைக்கின்றன. காப்புரிமை வாங்குவது குறைகிறது. கதவைத் தட்டத் தெரிந்தவனுக்கு லேத் மறந்துபோகிறது.

அதற்காகத் தட்டாமலே இருக்க முடியுமா? 28-ஐ 12 ஆக்கியது மனுதான். ஒருவர் மட்டும் எழுந்து கேட்டால் என்ன ஆகும் என்பதையும் 2024 செப்டம்பரில் பார்த்தோம். பன்னுக்கு வரியில்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதமா என்று கோவைக் கூட்டத்தில் ஒரு ஓட்டல்காரர் நிதியமைச்சரிடம் கேட்டார். பிறகு அவர் மன்னிப்புக் கேட்கும் வீடியோதான் ஊரெல்லாம் ஓடியது. ஆகவே சங்கமாகத்தான் போக வேண்டும்.

இந்த ஊருக்கு அது புதிதில்லை. 1933-லேயே மில்காரர்கள் ‘சைமா’ சங்கம் கண்டார்கள். ஆனால் மனுவோடு நிற்கவில்லை. 1956-ல் மில்கள் கூடி ‘சிட்ரா’ என்ற ஜவுளி ஆராய்ச்சிக் கூடத்தை அமைத்தன. 1962-ல் நூற்பு எந்திரத்தையே இங்கே செய்வோம் என்று தொடங்கியதுதான் எங்கள் ஊர் எல்.எம்.டபிள்யூ. அரசாங்கத்தின் கதவைத் தட்டிய அதே தலைமுறை பட்டறையையும் திறந்தது.

நாங்கள் எங்கே சறுக்கினோம்? ஒவ்வொரு முறையும் “குறையுங்கள்” என்றே கேட்டோம். குறைப்பதும் ஒரு மாற்றம்தான். குறைத்த கை ஏற்றவும் செய்யும் என்பது 2022-ல்தான் உறைத்தது. வரியை ஆட்டிய பாவத்தில் எங்களுக்கும் பங்குண்டு.

எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போவது ஒரே கோரிக்கை. எத்தனை சதவீதம் என்பதை ஒருமுறை பேசி முடிவுசெய்யுங்கள். ஐந்து வருடத்துக்குத் தொடாதீர்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பிழைத்துக்கொள்வோம். அதற்கு ஒப்புக்கொண்டால், நாங்களும் ஐந்து வருடம் குறைக்கச் சொல்லி வரமாட்டோம்.

சங்கத்தில் சிலர் கோபப்படுவார்கள், தெரியும். ஆனால் டர்னரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாவது மாதிரிக்கு ராடு அறுத்து வைத்திருக்கிறார்.