படிக்கும் வாயும் கேட்கும் செவியும்

படப்பை என்பது பழந்தமிழ்ச் சொல். மனையை அடுத்துள்ள தோட்டத்தை அது குறிக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் பெருஞ்சாலையில், அப்பெயர் கொண்ட ஊர் ஒன்று உளது. அதனை அடுத்த ஒரகடத்தில் மோட்டார் வண்டிகள் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் இன்று நிற்கின்றன. அங்குப் பணிபுரிவோருள் சிலர் பகலிலும் சிலர் இரவிலும் வேலைக்குச் செல்வர். பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்து குடியேறினோரும் உளர். இத்தகைய இல்லங்களில், பெற்றோர் குழந்தையின் அருகமர்ந்து பாடங்கேட்க நேரம் வாய்த்தல் அரிது. ஆயினும், கைப்பேசி பெரும்பாலும் உண்டு. அதன் துணைகொண்டு குழந்தைகள் படிக்கப் பழகுதல் கூடுமா என்னும் வினா, அவ்வூர்க்கு மட்டுமன்றி நாடு முழுமைக்கும் உரியதாகும்.

கூடும் என்பதே விடை. ஆனால், பயன்படுத்தும் முறை அறிதல் வேண்டும்.

இணையம் தரும் துணைகள் இருவகைப்படும். அது பேசக் குழந்தை கேட்பது ஒருவகை. குழந்தை படிக்க அது கேட்பது மற்றொரு வகை. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடு அச்சிடப்பெற்றது. கைப்பேசியை அதன்மேற் காட்டினால் பாடத்துக்குரிய காட்சிகளைக் காணலாம். இது முதல்வகை. பாடப்பொருளை விளக்க இது பெரிதும் உதவும். எனினும், படங்கண்டு கதையறிதல் வேறு. எழுத்துக்கூட்டிப் படித்தறிதல் வேறு. பிறர் நீந்துவதைக் கரையில் நின்று நோக்குவார்க்கு நீச்சல் வாராது அன்றோ?

இரண்டாம் வகைக்குச் சான்று, 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த வாசிப்புப் பெருநிகழ்ச்சியாகும். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தமையால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தின்கீழ், கூகுள் நிறுவனத்தின் 'ரீட் அலாங்' என்னும் செயலியைக் கொண்டு, பன்னிரண்டு நாட்கள் குழந்தைகள் கதைகளை வாய்விட்டுப் படித்தனர். குழந்தையின் குரலைச் செயலி கேட்கும். இடறிய சொல்லை ஒலித்துக் காட்டும். செவ்வையாகப் படித்தால் விண்மீன்களைப் பரிசாக அளிக்கும். 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதிற் கலந்துகொண்டனர். பிறர் நகைப்பர் என்னும் அச்சமின்றி, கூச்சமுள்ள குழந்தையும் வாய்திறந்து படிக்க இஃது இடந்தந்தது. இது பாராட்டத்தக்கதே.

ஆயினும், பொறியின் செவிக்கு எல்லை உண்டு. சொற்களை அது எண்ணும். பொருள் விளங்கியதா என்று முகம் நோக்கி அறியாது. விண்மீன்களை விரும்பிக் குழந்தை விரைந்து படிக்கத் தலைப்படின், விரைவு வளரும், விளக்கம் வளராது. 'வாழை' மரம்; 'வாளை' மீன். 'பலகை' ஒரு பொருள். 'பல கை' வேறு பொருள். ஒலியும் நிறுத்தமும் பிறழ்ந்தவிடத்து, "நீ படித்தது என்ன? அதன் பொருள் யாது?" என்று அன்புடன் வினவ ஒருவர் அருகிருத்தல் வேண்டும்.

அந்த ஒருவர் ஆசிரியராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவர், மாணவர் பலர். ஆதலின், மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரைச் சொல்லச் செய்து கேட்பான்; பிழையைத் திருத்துவான். 1789ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், சென்னையில் படைவீரரின் ஆதரவற்ற சிறுவர்க்கென நடந்த பள்ளியின் கண்காணிப்பாளர் ஆனார். நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயிலுவதைக் கண்ட அவர், அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். அறிந்த மாணவரைக் கொண்டே அறியாத மாணவரைப் பயிற்றினார். 1797இல் இலண்டனில் அதனைப் பற்றி நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயராலேயே அது இங்கிலாந்தில் பரவியது.

அம்முறையை இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர் மேற்கொள்ளலாம். வீட்டிலோ தெருவிலோ உள்ள ஓர் இளங்குழந்தைக்கு நாள்தோறும் கால்மணி நேரம் செவிகொடுத்தல் அரிதன்று. பெங்களூரிலுள்ள பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் சிறுவர் கதைகள் விலையின்றிக் கிடைக்கும். அவை எளியவை, அரியவை என்று படிநிலைகளாக வகுக்கப்பெற்றுள்ளன. ஒரே கதை தமிழிலும் இந்தியிலும் பிற மொழிகளிலும் இருத்தலால், வெளிமாநிலக் குழந்தை முதலில் தாய்மொழியிற் கதையறிந்து, பின்னர்த் தமிழிற் படிக்கலாம்.

முதலில் குழந்தையே படிக்கட்டும். இடறும் சொல்லை உடனே சொல்லிவிடாது, சற்றுப் பொறுத்தல் நன்று. மறுமுறை படித்தபின், கதையைத் தன் சொற்களிற் கூறச் செய்தல் வேண்டும். எழுத்தறியாத பாட்டியாரும் இக்கதையைக் கேட்டு வினாவலாம்.

கதைகளைக் கைப்பேசி வீட்டுக்குக் கொணரும். அவற்றைக் குழந்தை படிக்கும்போது பொறுமையுடன் கேட்பார் வேண்டும். கற்றவர் கல்லார்க்கு ஆற்றும் முதற்கடன் அதுவேயாகும்.