தீப்பெட்டிக்கும் ஹெலிகாப்டருக்கும் என்ன சம்பந்தம்?

கோவில்பட்டியில் பி.காம். படிக்கிறவனுக்கு ஹெலிகாப்டரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். தேர்தல் சமயத்தில் தலைக்கு மேலே போகும், கழுத்து வலிக்கப் பார்ப்போம், அவ்வளவுதான். ஆனால் 'சங்கம்' என்றால் எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

2021 டிசம்பர் 1-ம் தேதி ஒரு ரூபாய் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது. அதற்கு முன் 14 வருஷம் ஒரே விலை. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை எல்லாம் ஏறிவிட்டது. ஆனாலும் ஒரு முதலாளி தனியாக விலையை ஏற்றினால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும். சங்கங்கள் எல்லாம் சிவகாசியில் கூடிப் பேசிய பிறகுதான் ஏறியது. (கூடி விலை வைப்பதற்குப் போட்டிச் சட்டம் 2002 என்ன சொல்லும் என்பது வேறு சண்டை, இன்னொரு நாள் போடலாம்.)

கேதார்நாத்திலும் இதே கணக்குதான். ஆனால் அங்கே பணயம் உயிர். குப்தகாசிப் பக்கமிருந்து கோவிலுக்குச் சில நிமிடப் பயணம். எத்தனை ட்ரிப் அடிக்கிறோமோ அத்தனை வருமானம். மேகம் இறங்கிவிட்டதே என்று ஒருவர் நிறுத்தினால், அடுத்தவர் பறப்பார். 2022 அக்டோபர் 18-ல் 7 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 15-ல் மறுபடி 7 பேர், அதில் ஒரு கைக்குழந்தை. இரண்டு நாளும் வானிலை மோசம்.

விதி போட டி.ஜி.சி.ஏ. இருக்கிறது, சரி. ஆனால் இந்தத் தொழிலுக்கு 1998 முதல் ரோட்டரி விங் சொசைட்டி ஆஃப் இந்தியா என்று ஒரு சங்கமும் இருக்கிறதே! கருத்தரங்கும் விருதும் மட்டும் போதுமா? அமெரிக்காவில் 1948-ல் தொடங்கிய ஹெலிகாப்டர் சங்கம் (2024-ல் வெர்டிகல் ஏவியேஷன் இன்டர்நேஷனல் என்று பெயர் மாற்றிக்கொண்டது) 'லேண்ட் அண்ட் லிவ்' என்று ஒரு பிரச்சாரமே நடத்தியது. நிலைமை சரியில்லையா, கிடைத்த இடத்தில் இறக்கிவிடு என்று பைலட்டுக்குச் சொல்வது அது. அப்படி இறக்கியவரை முதலாளி திட்டக்கூடாது என்பதுதான் எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது.

இங்கே இன்னும் ஒரு படி மேலே போகலாம். பனிமூட்டத்தைப் பார்த்து ஒரு பைலட் 'வேண்டாம்' என்றால் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாக் கம்பெனியும் நிற்க வேண்டும், மீறினால் சங்கத்தில் இடமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஒரு ரூபாய்க்காக எங்க ஊர் முதலாளிகள் ஒன்றாக உட்கார்ந்தார்களே, இவர்களால் முடியாதா என்ன?

உங்களில் யாராவது அங்கே ஹெலிகாப்டரில் போயிருக்கிறீர்களா? மேகம் இறங்கியபோது உங்களைக் காக்க வைத்தார்களா, ஏற்றிக்கொண்டு போனார்களா?